காட்டின் வாசலில் ஓர் உழவூர்

விருந்தோம்பலைப் பற்றித் தமிழர் பேசியது மிகுதி. வள்ளுவர் அதற்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். ஆனால், விருந்தினராகச் செல்பவருக்கு உரிய கடமைகளைப் பற்றி நாம் பேசியது குறைவு. தேசியப் பூங்காக்களுக்கும் புலிகள் காப்பகங்களுக்கும் ஆண்டுதோறும் மக்கள் பெருந்திரளாகச் செல்லும் இக்காலத்தில், அக்கடமைகளைப் பற்றி எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது. காட்டைக் காணச் செல்பவர், காட்டின் வாசலில் வாழும் உழவரையும் காண வேண்டும். காட்டினால் கிடைக்கும் வருவாயில் அவ்வுழவருக்கும் பங்கு வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

கடந்து செல்லப்படும் ஊர்

சேலம், நாமக்கல் சமவெளியில் அமைந்த சிற்றூர் ஆட்டையாம்பட்டி. கைம்முறுக்கு அவ்வூரின் அடையாளம். அவ்வழியே செல்வோர் வண்டியை நிறுத்தி, முறுக்கு வாங்கிக்கொண்டு செல்கின்றனர். ஊராரின் உழைப்பு ஊருக்குப் பெயரையும் தருகிறது, பிழைப்பையும் தருகிறது.

அதே ஆட்டையாம்பட்டியிலிருந்து டாப்சிலிப்புக்குச் சுற்றுலா செல்லும் குடும்பம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். பொள்ளாச்சியைக் கடந்து ஆனைமலை என்னும் சிற்றூர் வழியாகச் சேத்துமடைச் சோதனைச்சாவடியை அடைந்து, அது மலையேறும். ஆழியாற்றங்கரையில் அமைந்த ஆனைமலை, நெல்லும் தென்னையும் விளையும் உழவூர். பள்ளிவிளங்கால், அரியாபுரம், காரப்பட்டி, பெரியணை, வடக்கலூர் ஆகிய ஐந்து கால்வாய்கள் பாயும் பழைய ஆயக்கட்டு அங்கே உள்ளது. மாசாணியம்மன் கோயிலுக்கு வருவோர் கோயிலைக் கண்டு திரும்புகின்றனர். காட்டுக்கு வருவோர் காட்டைக் கண்டு திரும்புகின்றனர். இடையிலுள்ள வயலும் தோப்பும் அவர்கள் கண்ணில் படுவதில்லை.

காடு தரும் கொடை

டாப்சிலிப் என்னும் பெயரே ஒரு வரலாறு. ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் வெட்டிய தேக்கு மரங்களை மலையுச்சியிலிருந்து சரித்துவிட்டதால் அப்பெயர் ஏற்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குப் பணியாற்றிய வன அலுவலர் ஹியூகோ வுட், மரங்களை வேரோடு அழிக்காமல் மீண்டும் தழைக்கச் செய்யும் முறையைக் கொண்டுவந்தார். தேக்கினை நட்டு வளர்த்தார். அவருடைய கல்லறை அக்காட்டிலேயே உள்ளது. 1976ஆம் ஆண்டில் வனவிலங்குச் சரணாலயமான இம்மலைப்பகுதி, 2007ஆம் ஆண்டில் புலிகள் காப்பகமாயிற்று. கரியன் சோலை, புல்மலை, மஞ்சம்பட்டி ஆகியவை இதன் தேசியப் பூங்காப் பகுதிகள். 2012ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்த மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளில் இம்மலைகளும் அடங்கும்.

இக்காடு வெறும் காட்சிப்பொருள் அன்று. பரம்பிக்குளம், ஆழியாறு பாசனத் திட்டத்தின் நீர் இம்மலைகளில் பிறக்கிறது. கோவை, திருப்பூர் மாவட்டங்களின் வயல்கள் அந்நீரை நம்பியுள்ளன. மலையிலிருந்து வரும் நீரின் மதிப்பைச் சேலத்து மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு, சேலத்தைக் கடக்கும்போது கழிவுநீர் கலந்து கெடுகிறது. அதன் கரையில் வாழும் உழவர் அதன் துன்பத்தை நாளும் அறிவர். மேலே இருப்பதைக் காக்காவிட்டால் கீழே இருப்பவை வாடும்.

விலை கொடுப்பவர் யார்?

காட்டைக் காப்பதன் பயன் பலருக்கும் கிடைக்கிறது. அதன் விலையையோ எல்லையோரத்து உழவர் சிலரே கொடுக்கின்றனர். ஒரு யானைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ உணவு வேண்டும். காட்டின் விளிம்பில் நிற்கும் வாழையும் தென்னங்கன்றும் அதற்கு எளிதில் கிடைக்கும் உணவு. ஓராண்டு உழைப்பு ஓரிரவில் போய்விடுகிறது. வேர்வாடல் நோயினாலும் வெள்ளை ஈயினாலும் தென்னை ஏற்கெனவே நலிந்திருக்கும் பகுதியில், இவ்விழப்பு மேலும் சுமையாகிறது.

தொல்லை தரும் யானையை வேறு காட்டில் கொண்டுபோய் விட்டால் போதும் என்பர் சிலர். 2023ஆம் ஆண்டில் நடந்த நிகழ்வு இதற்கு விடை கூறுகிறது. தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பகுதியில் பயிர்களை மேய்ந்துவந்த மக்னா யானை, அதாவது தந்தமில்லாத ஆண் யானை, பிப்ரவரியில் பிடிக்கப்பட்டு டாப்சிலிப்பை அடுத்த வரகளியாற்றுப் பகுதியில் விடப்பட்டது. சில நாள்களிலேயே அது மலையிறங்கிக் கோவை நகரின் ஓரம்வரை நடந்தது. மீண்டும் பிடித்து வால்பாறைப் பக்கத்துக் காட்டில் விட்டனர். பின்னர், சேத்துமடைக்கு அருகிலுள்ள சரளப்பதியின் தோப்புகளுக்குள் அது புகுந்தது. சூலை இறுதியில் மூன்றாம் முறையாகப் பிடித்துச் சின்னக்கல்லாற்றுக்குக் கொண்டு சென்றனர். பாலக்கோட்டு உழவரின் துயரம் சரளப்பதி உழவரிடம் வந்து சேர்ந்ததே கண்ட பலன். இடமாற்றத்தால் துன்பத்தின் முகவரி மாறியது, துன்பம் தீரவில்லை.

மாங்கனி கூறும் நீதி

நன்னன் என்னும் குறுநில மன்னனின் கதையைக் குறுந்தொகையில் பரணர் பதிவு செய்துள்ளார். அவனுடைய காவல்மரத்து மாங்கனி ஆற்றில் மிதந்து வந்தது. நீராடச் சென்ற பெண் ஒருத்தி அதை உண்டாள். எண்பத்தொரு யானைகளையும் அவளுடைய எடைக்கு நிகரான பொற்பாவையையும் தருவதாகக் கூறியும் மன்னன் இரங்காமல் அவளைக் கொன்றான். அப்பெண்ணே மாசாணியம்மன் என்பது ஆனைமலை மக்களின் நம்பிக்கை. தமக்கு இழைக்கப்பட்ட அநீதிக்காக மக்கள் இன்றும் அக்கோயிலின் நீதிக்கல்லில் மிளகாய் அரைத்துப் பூசி முறையிடுகின்றனர்.

இக்கதை நம் காலத்துக்கும் பொருந்துகிறது. எல்லையை அறியாமல் மிதந்து வந்தது கனி. எல்லையை அறியாமல் இறங்கி வருகிறது யானை. கனியை உண்டவளைக் கொன்றது கொடுமை எனில், பயிரை உண்ட யானையை மின்வேலியால் கொல்வதும் கொடுமையே. அதேவேளையில், இழப்புக்கு ஈடு தரும் வழி இருந்தும் மன்னன் அதனை மறுத்ததே அக்கதையின் பெரும்பிழை. இன்று ஈடு பெறவேண்டியவர் உழவர். அதனைக் காலம் தாழ்த்துவதும் மறுப்பதற்கு ஒப்பாகும்.

செய்யத்தக்கவை

விடுதிகள் பெருகினால் உள்ளூர் செழிக்கும் என்று வாதிடுவோர் உளர். முதுமலையின் வாசலான மசினகுடியைச் சூழ்ந்த சீகூர் யானை வழித்தடத்தில் அவ்வாறு எழுந்த விடுதிகள், வழக்கிலேயே முடிந்தன. அவ்வழித்தடத்தைக் காக்குமாறு சென்னை உயர்நீதிமன்றம் 2011இல் வழங்கிய தீர்ப்பை, உச்சநீதிமன்றம் 2020 அக்டோபரில் உறுதி செய்தது. யானையின் வழியை அடைத்துவிட்டால் அது வயலின் வழியே செல்லும். அப்போதும் இழப்பது உழவரே.

வேறு வழிகள் உள்ளன. நேபாளத்தின் சித்வான் தேசியப் பூங்காவில், பூங்கா வருவாயில் 30 முதல் 50 விழுக்காடு வரை சுற்றியுள்ள ஊர்களின் வளர்ச்சிக்குச் செலவிட அந்நாட்டுச் சட்டம் இடமளிக்கிறது. டாப்சிலிப்பை ஒட்டிய கேரளத்தின் பரம்பிக்குளத்தில், பழங்குடிக் குடியிருப்பினரே சுற்றுலா வழிகாட்டிகளாகப் பணியாற்றுகின்றனர். ஆனைமலைக்கும் இவ்வாறான ஏற்பாடு வேண்டும். நுழைவுக் கட்டணத்தின் ஒரு பங்கு எல்லையோர ஊராட்சிகளுக்குச் சேரட்டும். பயிரிழப்புக்கான ஈட்டுத்தொகை, அடுத்த விதைப்புக்கு முன்பே உழவரின் கைக்குக் கிடைக்கட்டும். காடர், மலசர், முதுவர் முதலிய பழங்குடியினரின் காட்டறிவுக்கு மதிப்பும் ஊதியமும் கிடைக்கட்டும்.

அரசு செய்ய வேண்டியவை இவை. பயணிகளாகிய நாம் செய்யத்தக்கவையும் உண்டு. மலையேறும் முன் ஆனைமலையில் இறங்கலாம். அங்குள்ள சிற்றுணவகத்தில் உண்ணலாம். தோப்புக்காரரிடமே இளநீர் வாங்கலாம். இவ்வாண்டு விளைச்சல் எப்படி என்று கேட்கலாம். 2019 சனவரி முதல் தமிழகத்தில் தடை செய்யப்பட்டுள்ள நெகிழிப் பைகளைக் காட்டுக்குள் கொண்டு செல்லாதிருக்கலாம். யானையைக் கண்டால் ஒலி எழுப்பாமல், படமெடுக்க நெருங்காமல் விலகி நிற்கலாம். நாம் சீண்டிய யானையின் சினத்தை, அன்றிரவு தோப்பில் காவலிருக்கும் உழவரே எதிர்கொள்ள நேரும்.

மாணவர்களே, பள்ளிச் சுற்றுலாவுக்குத் திட்டமிடும்போது, புலியும் யானையும் உள்ள பட்டியலில் ஒரு வயலையும் சேர்க்குமாறு உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள். உங்களுள் பலர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். மழை பொய்த்த ஆண்டில் வீட்டில் நிலவும் அமைதியை நீங்கள் அறிவீர்கள். யானை வந்துபோன மறுநாள் காலையில் ஆனைமலை உழவரின் வீட்டில் நிலவும் அமைதியும் அத்தகையதே. அதனை உணர்ந்தவர் காட்டை வெறுக்கமாட்டார். காட்டைக் காப்பதற்கான விலையை அவ்வுழவர் மட்டுமே செலுத்தட்டும் என்றும் விடமாட்டார்.