குகேஷ் தோற்ற அந்த ராத்திரி... உங்க வீட்டுல என்ன நடந்திருக்கும்?

2022 ஆகஸ்ட் 8. மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் 16 வயசுப் பையன் ஒருவன் செஸ் போர்டு முன்னால் தலையைக் கையில் தாங்கியபடி உட்கார்ந்திருந்தான். ஆட்டம் முடிந்தும் எழுந்திருக்கவில்லை. 44-வது செஸ் ஒலிம்பியாடின் பத்தாவது சுற்று அது. முதல் எட்டு ஆட்டங்களையும் வரிசையாக ஜெயித்து உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்திருந்த குகேஷ், உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவிடம் கைக்கு வந்த ஆட்டத்தைக் கோட்டைவிட்டார். மேட்ச் 2-2 என முடிந்தது. கடைசியில் தங்கம் உஸ்பெகிஸ்தானுக்குப் போனது. இந்தியாவின் 'பி' அணிக்கு வெண்கலம்தான்.

அந்த ஒலிம்பியாடை மறந்திருக்க மாட்டீங்க. நேப்பியர் பாலத்துக்கு கறுப்பு வெள்ளைக் கட்டம், வேட்டி கட்டிய குதிரை 'தம்பி', ஊர் முழுக்க விளம்பரம். அடுத்து நடந்ததும் தெரியும். 2024 செப்டம்பரில் புடாபெஸ்ட்டில் இந்தியாவுக்குத் தங்கம். டிசம்பர் 12-ல், சிங்கப்பூரில், 18 வயதில் குகேஷ் உலக சாம்பியன். ஹாலுக்கு வெளியே தவித்துக்கொண்டிருந்த அப்பா மகனைக் கட்டிப்பிடித்த வீடியோவை நாம் எல்லோருமே ஸ்டேட்டஸ் வைத்தோம்.

அந்த வீடியோவோடு ஒரு கதையும் சேர்ந்தே பரவியது. காது மூக்கு தொண்டை டாக்டரான அப்பா ரஜினிகாந்த், மகனோடு ஊர் ஊராகப் போவதற்காக வேலையை விட்டார். மைக்ரோபயாலஜிஸ்ட்டான அம்மா பத்மாவின் சம்பளத்தில் வீடு ஓடியது. 2017, 2018-ல் பணம் போதாமல், பெற்றோரின் நண்பர்கள் கைகொடுத்தார்கள். எல்லாம் உண்மைதான், குகேஷே பேட்டிகளில் சொன்னவை. ஆனால், அந்தக் கதை நம் வீட்டுக்குள் வரும்போது வேறொன்றாக மாறிவிடுகிறது.

"பாரு, அவங்கப்பா வேலையையே விட்டாரு. நாங்களும் உனக்காக எவ்ளோ பண்றோம்... நீ என்ன பண்ற?"

இந்த வாக்கியத்தைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் நம்மில் கம்மி. சொல்கிறவர்களுக்கு அது ஊக்கம். கேட்கிற பிள்ளைக்கு அது பில். டியூஷன் ஃபீஸ், பஸ் காசு, அம்மா விட்ட வேலை, அப்பா போட்ட ஓவர்டைம் எல்லாம் அதில் ஏறுகிறது. மார்க் குறைந்தால் பாடத்தில் தோற்றோம் என்று அந்தப் பிள்ளை நினைப்பதில்லை, வீட்டுக் கடனைக் கட்டவில்லை என்று நினைக்கிறது. செஸ்ஸில் தோற்றால் அடுத்த ஆட்டம் இருக்கிறது. இந்தக் கடனுக்கு அடுத்த ஆட்டம் கிடையாது. தனக்கு ஒன்று என்றால் வீட்டில் சொல்லாமல் பிள்ளைகள் ஒளிப்பது பெரும்பாலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

இதை மிகைப்படுத்தல் என்று நினைத்தால் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ம் ஆண்டு அறிக்கையைப் பாருங்கள். அந்த ஒரு வருஷத்தில் நாடு முழுக்க 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 1,416 பேர். மகாராஷ்டிராவுக்கு அடுத்து நாம்தான். ரிசல்ட் நாளில் மட்டும்தான் நம் டிவி சேனல்கள் இதைப் பேசுகின்றன. ஆனால், எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தால் அதே அறிக்கையில் முதல் இடத்தில் இருக்கும் காரணம் குடும்பப் பிரச்னைகள், 31.7 சதவிகிதம். தேர்வு ஒரு காரணம்தான். அந்தத் தேர்வைப் பற்றி வீடு என்ன பேசியது என்பது எந்தப் பட்டியலிலும் தனியாக வராது.

சரி, ஜெயித்த அந்த வீடுகளில் உண்மையில் என்ன நடந்தது? பிரக்ஞானந்தாவின் அம்மா நாகலட்சுமியைப் பற்றி வந்த செய்திகளை நினைத்துப் பாருங்கள். 2023 உலகக் கோப்பையின்போது பாகுவில் ஓரமாக நின்று மகனைப் பார்த்துச் சிரித்த அந்த போட்டோ. வெளிநாட்டுக்குப் போனாலும் மகன் ரசம் சாதம் சாப்பிடணும் என்று இண்டக்‌ஷன் அடுப்பைத் தூக்கிக்கொண்டு போகிற அம்மா. அந்தச் செய்திகளில் 'ஏன் அந்தக் காயை நகர்த்தின' என்று அவர் கேட்டதாக ஒரு வரி இல்லை. காய் நகர்த்துவதைப் பேச கோச் இருக்கிறார். அம்மாவின் டிபார்ட்மென்ட் ரசம்.

குகேஷ் தன் அம்மாவைப் பற்றிச் சொன்னதும் இதே மாதிரிதான். 'நீ பெரிய செஸ் பிளேயர்னு கேட்டா சந்தோஷம், அதைவிட நல்ல மனுஷன்னு கேட்டா இன்னும் சந்தோஷம்' என்ற அர்த்தத்தில் அம்மா சொல்வாராம். கேட்க சாதாரணமாக இருக்கும். ஆனால், நாளைக்கே செஸ்ஸில் தோற்றாலும் இந்த வீட்டில் என் இடம் போகாது என்று ஒரு பிள்ளைக்குப் புரிய வைக்கிற பேச்சு அது. 2024 கேண்டிடேட்ஸ் போட்டியில் ஏழாவது சுற்றில் அலிரேசா ஃபிரூஜாவிடம் தோற்ற பிறகுதான் 'இது நம்ம போட்டி' என்ற நம்பிக்கை வந்தது என்று குகேஷ் சொன்னார். தோல்விக்கு அடுத்த நாள் அப்படி யோசிக்க, முந்தின ராத்திரி யாரும் கணக்குக் கேட்டிருக்கக் கூடாது இல்லையா?

இன்னொன்று. உலக சாம்பியன் போட்டிக்குத் தயாரானபோது குகேஷ் கூட இருந்தவர்களில் ஒருவர் பேடி அப்டன், 2011-ல் கோப்பை வென்ற இந்திய கிரிக்கெட் அணியின் மனப்பயிற்சியாளர். உலகத்திலேயே இளைய சாம்பியன் மனசுக்கு ஆள் வைத்துக்கொள்கிறார். நம் வீட்டில் 'கவுன்சலிங்' என்றாலே "என் புள்ளைக்கு என்ன பைத்தியமா?"

இங்கே நியாயமான ஒரு கேள்வி வரும். மறைமலை நகரில் ஷிஃப்ட் பார்த்துவிட்டு வரும் அப்பா, வீட்டு வேலையும் முடித்து கம்பெனி பஸ் பிடிக்கும் அம்மா, இவர்களால் அடுப்பைத் தூக்கிக்கொண்டு பாகு போக முடியுமா? வேண்டாம். வேலையை விடவும் வேண்டாம், நாலாம் வகுப்போடு ஸ்கூலை நிறுத்தவும் வேண்டாம். அந்த வழியில் போய்க் காணாமல்போன பிள்ளைகளைப் பற்றி யாரும் வீடியோ போடுவதில்லை. பிள்ளைக்கு வேண்டியது சாயங்காலம் ஒரு அரை மணி நேரம். அதில் முதல் கேள்வி மார்க்காக இல்லாமல் இருந்தால் போதும். "சாப்ட்டியா, யார்கூட உக்காந்த, இன்னைக்கு எதுல எரிச்சல் வந்துச்சு?" என்று ஆரம்பிக்கலாம். பதில் வராது, முதல் வாரம் "ஒண்ணுமில்ல"தான் வரும். கேட்டுக்கொண்டே இருங்கள்.

பூஞ்சேரியிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிற கடற்கரையில்தான் 2025 ஆகஸ்ட்டில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் நடந்தது. ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார். சர்ஃபிங் கற்றுக்கொள்கிற பிள்ளை ஒரு காலையில் எத்தனை தடவை தண்ணிக்குள் விழும் என்று எண்ண முடியாது. கரையில் நிற்கிற யாரும் அதற்கு வீட்டுக்கு போன் போடுவதில்லை. கணக்கு டெஸ்ட்டுக்கு மட்டும் ஏன் அப்படி?

பள்ளிக்கூடங்களுக்கும் பொறுப்பு வந்திருக்கிறது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மாணவர் மனநலத்துக்காக 15 வழிகாட்டுதல்களைத் தந்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் இருக்கும் கல்வி நிலையத்தில் தகுதியான ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. அடுத்த பேரன்ட்ஸ் மீட்டிங்கில் பஸ் டைமிங் பற்றிக் கேட்கிற அதே குரலில் "கவுன்சலர் யாருங்க சார்?" என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதில் தேட வேண்டிவரும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை பெரிய ரகசியம் இல்லை. தூக்கம் மாறுவது, பிடித்த சாப்பாட்டை ஒதுக்குவது, பிடித்த விளையாட்டை விடுவது, நண்பர்களைத் தவிர்ப்பது. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் "வயசு அப்படி" என்று விடாதீர்கள். "நான் இல்லைன்னா உங்களுக்கு நிம்மதி" மாதிரிப் பேச்சு வந்தால் அன்றைக்கே கவனியுங்கள். சாகணும்னு தோணுதா என்று நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுவோம் என்ற பயம் நமக்கு இருக்கிறது. அது தவறு. நிதானமாகக் கேட்டால், சொல்ல ஒரு ஆள் கிடைத்தார் என்ற ஆறுதல்தான் வரும். கேட்ட பிறகு தனியாக விடாமல் கூடவே இருங்கள். டெலி மானஸ் எண் 14416, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104-ம் இருக்கிறது. நேரில் போவதென்றால் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு.

இதைப் படிக்கிற நீங்கள் அம்மா, அப்பாவாக இல்லாமல் வீட்டில் அக்காவாகவோ அண்ணனாகவோ இருக்கலாம். ரிசல்ட் நாளில் உங்களுக்கும் வேலை இருக்கிறது. காலையிலேயே அம்மாவிடம் "மார்க் என்ன வந்தாலும் மொதல்ல சாப்பாடு போடும்மா, மத்தது அப்புறம்" என்று சொல்லிவையுங்கள். ஃபெயில் ஆனால் அதே வருஷம் துணைத்தேர்வு இருக்கு, அப்ளை பண்ற தேதியை நீங்கள் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டு ஆன்ட்டி என்று வரிசையாக போன் வரும். அந்த போனை எல்லாம் நீங்க எடுங்க.