விலை நின்னா உங்க ஆல்கோ நிக்குமா?

1/ கிருஷ்ணன்கோவில் பக்கம் காலேஜ் பசங்க கூட "ஆல்கோ போட்டிருக்கேன் சார், அதுவே வாங்கி வித்துரும்"னு சொல்றாங்க. ஒரே கேள்விதான்: வர்ற விலை நின்னுட்டா அது என்ன செய்யும்?

2/ 2021 பிப்ரவரி 24. என்.எஸ்.இ.யில் காலை 10 மணிக்கு மேல் நிஃப்டி, பேங்க் நிஃப்டி எண்கள் அசையாம நின்னுச்சு. வர்த்தகம் மட்டும் ஓடிக்கிட்டே இருந்தது. 11.40க்குத்தான் நிறுத்தினாங்க. திரும்பத் திறந்தது சாயங்காலம் 3.45க்கு.

3/ வார்டில் ஆக்சிமீட்டர் விரல்ல இருந்து கழண்டா மானிட்டர் கத்தும். நாங்க முதல்ல பேஷண்ட்டைப் பார்ப்போம், அப்புறம்தான் எண். நின்னுபோன விலை கத்தாது. பழைய எண்ணையே புதுசு மாதிரி காட்டும். டேட்டா வராததை விட இதுதான் ஆபத்து.

4/ அதனால, கடைசி விலை வந்து எத்தனை விநாடி ஆச்சுன்னு ஆல்கோ பார்க்கணும். தாமதமானா புது ஆர்டர் போடக்கூடாது. ஸ்டாப்லாஸ் உங்க லேப்டாப்பில் இல்ல, எக்ஸ்சேஞ்சில் ஆர்டரா கிடக்கணும்.

5/ சில்லறை முதலீட்டாளர்களின் ஆல்கோவுக்கு 2025 பிப்ரவரியில் செபி விதி கொண்டு வந்தது. நல்லது. ஆனா உங்க ஆல்கோ பார்க்கிற விலை பழசா புதுசான்னு கவனிக்கிறது உங்க பொறுப்பு. விக்கிறவர்கிட்ட இதைக் கேளுங்க. பதில் மழுப்பலா வந்தா பணம் கட்டாதீங்க.