செவிலி போகிறாள்

"ஓடுகிறார்கள், ஓடுகிறார்கள்" என்றொரு கூக்குரல் கிளம்பியிருக்கிறது. நம் மண்ணில் படித்துவிட்டு, நம் நோயாளிகளின் மேல் ஊசி போட்டுப் பழகிவிட்டு, பவுண்டைக் கண்டதும் பறந்துவிடுகிறார்களாம் செவிலியப் பெண்கள். பற்றில்லையாம், பாசமில்லையாம்! கூவுகிறவர் யாரென்று திரும்பிப் பார்த்தேன். மூத்த மகன் டெக்சாசில், இளைய மகன் சிட்னியில். அவர்கள் விமானம் ஏறிய நாளில் தெருவுக்கே இனிப்பு வழங்கியவர்தான் இவர். பொறியாளன் போனால் பெருமை, மருத்துவன் போனால் மகிமை. படுக்கைப்புண்ணைக் கழுவிக் கட்டுகிறவள் போனால் மட்டும் துரோகம்! பாரபட்சத்துக்கும் ஓர் எல்லை வேண்டாமா?

செவிலி என்ற சொல்லையே எண்ணிப் பாருங்கள். சங்கத்து அகப்பாடல்களில் அவள் வளர்ப்புத் தாய். தான் வளர்த்த மகள் காதலனோடு உடன்போக்கில் சென்றுவிட்டாள் என்று கேட்டு, பந்தையும் பாவையையும் பார்த்துப் பார்த்துப் புலம்புகிறவள். போகிறவள் மகள், இருந்து அழுகிறவள் செவிலி. இன்றைக்குச் செவிலியே போகிறாள். பொருள் தேடிப் பிரிகிறவன் ஆண்மகன் என்றும், கடல் கடந்து செல்லும் பிரிவு பெண்ணோடு நிகழ்வதில்லை என்றும் தொல்காப்பியம் இலக்கணம் வகுத்தது. அந்த நூற்பாவைப் புரட்டிப் போட்டவள் ஏதோ ஓர் அரசகுமாரியல்ல. நான்காண்டு நர்சிங் படித்து, தமிழ்நாடு செவிலியர் மன்றத்தில் பதிவு பெற்று, இடுப்பில் குழந்தையும் கையில் கோப்புமாக விசா மையத்து வாசலில் நிற்கிற பெண்.

ஏன் போகிறாள்? காரணத்தைத் தேடி இலண்டனுக்குப் போக வேண்டாம். சென்னைக்குப் போனால் போதும். 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழியே தேர்வெழுதி வென்று அரசு மருத்துவமனைகளில் சேர்ந்தவர்களுக்குத் தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். இரண்டாண்டில் நிரந்தரம் என்றார்கள். வாக்கு வந்தது, வாழ்வு வரவில்லை. 2017 நவம்பரில் டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் வந்து அமர்ந்தார்கள். உயர்நீதிமன்றம் பணிக்குத் திரும்பச் சொன்னது. திரும்பினார்கள். அரசு வேலைக்கே இந்தக் கதியென்றால், தனியாரிடம் சிக்கியவள் நிலை என்ன? சம்பளத்தைக் குறைத்து, சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொண்டு, "போக நினைத்தால் பணத்தைக் கட்டு" என்று மிரட்டும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டு மேடையேறியவன் நான். எனக்குக்கூட மாலையும் சோடாவும் கிடைக்கிறது. படிப்பை முடித்தவளுக்கு என்ன கொடுத்தோம்?

இனி, அவள் போகும் நாட்டைப் பார்ப்போம். வாயெல்லாம் பல்லாக வரவேற்கிறார்கள். பிரிட்டனின் தேசிய சுகாதாரப் பணி பிறந்தது 1948 சூலை 5இல். பிறந்த நாள்தொட்டு அயல்நாட்டுக் கைகளில்தான் அது வளர்ந்தது. ஈனாக் பவல் என்பவர் 1960 முதல் 1963 வரை அங்கே சுகாதார அமைச்சர். அவர் காலத்தில் கரீபியத் தீவுகளிலிருந்து செவிலியர் வந்துகொண்டே இருந்தனர். அதே பவல் 1968 ஏப்ரலில் பர்மிங்காமில் நின்றுகொண்டு, வந்தவர்களால் நாடு அழியும் என்று முழங்கினார். நாடகம் எழுதுகிறவன் என்பதால் சொல்கிறேன்: ஒரே பாத்திரத்துக்கு இப்படி இரண்டு காட்சி எழுதினால் ரசிகர்கள் நம்பமாட்டார்கள், வரலாறு எழுதினால் நம்பித்தான் ஆகவேண்டும். 2020ஆம் ஆண்டுவரை, அங்கே பணியாற்றிய அயல்நாட்டுச் செவிலி, தான் வேலை செய்யும் அதே மருத்துவமனைச் சேவைக்காக ஆண்டுக்கு 400 பவுண்டு தனியே கட்டி வந்தாள். கொரோனாக் காலத்தில் ஊரே வாசலில் நின்று கைதட்டியபோதுதான் ஆள்வோருக்கு வெட்கம் வந்தது. அதன்பிறகே அவளுக்கும் அவள் குடும்பத்துக்கும் அக்கட்டணம் நீங்கியது.

குடும்பம் என்றேனே, அந்தச் சொல்லுக்கு அங்கே பொருளே வேறு. செவிலி தன் இணையையும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும் அழைத்து வரலாம். அவளைப் பெற்றவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. இரவுப் பணிக்கு மகள் போனபோதெல்லாம் பேரனைத் தோளில் போட்டுத் தட்டித் தூங்கவைத்த பாட்டி, அந்நாட்டு விதியின் கண்ணில் குடும்பமே அல்ல. வழியனுப்பிவிட்டு, பேரனின் மரக்குதிரையைப் பார்த்துப் புலம்பப் போகிறவள் அவள்தான். சங்ககாலச் செவிலி செத்துவிடவில்லை, தோழர்களே!

அதே ஊரில், ஒரு முதியோர் இல்லத்தில், முதியவர்க்குச் சோறூட்டும் பராமரிப்புப் பணியாளராகப் போனவள் நிலை இன்னும் கொடிது. 2024 மார்ச் 11 முதல் புதிதாகச் சென்ற அவ்வகைப் பணியாளர் கணவனையும் குழந்தையையும் அழைத்துவரத் தடை வந்தது. இருவர் செய்வதும் நோயாளியைத் தொடும் தொழில். ஒருத்தி தாயாக வாழலாம். மற்றவள் தொலைபேசித் திரையில் தாயாக வாழவேண்டும். உழைப்பை மட்டும் இறக்குமதி செய்து, உறவைத் துறைமுகத்திலேயே தடுத்து நிறுத்தும் தந்திரத்தைத் தோட்டக்காட்டுக் கங்காணிகளும் கற்றதில்லை! அவர்களாவது குடும்பத்தோடு கப்பலேற்றினார்கள்.

கணவனைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'சார்ந்து வருபவர்' என்று அவன் விசாவில் குறிப்பார்கள். கோவலன் எழு என்றான், கண்ணகி எழுந்தாள், மதுரைவரை நடந்தாள். அதைக் கற்பென்று காப்பியம் கட்டினோம். இங்கே மனைவி எழு என்கிறாள், கணவன் எழுகிறான். அதற்கு என்ன பெயர் வைக்கப் போகிறோம்? "பெண்டாட்டி சம்பாத்தியத்தில் சீமைக்குப் போகிறான்" என்று டீக்கடையில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவன் அங்கே வேலை பார்க்கலாம், தடையில்லை. ஆனால் இங்கே கணக்கராக இருந்தவன் அங்கே கிடங்கில் பெட்டி தூக்கவும், மனைவி பன்னிரண்டு மணி நேரப் பணி முடித்து வரும்போது சோறு வடித்து வைக்கவும் மனம் பழக வேண்டும். அந்த மனத்தை விமானம் ஏறுமுன்பே பழக்காதவன், இருவர் வாழ்வையும் கெடுப்பான்.

தங்கையே, போகிறாயா? போய் வா. ஆனால் கண் திறந்து போ. 2025-26இல் அங்கே பதிவுபெற்ற செவிலியின் தொடக்க ஊதியம் ஆண்டுக்கு 31,049 பவுண்டு. அதை ரூபாயாக்கிப் பெருக்கிப் பார்த்து மயங்காதே. வீட்டு வாடகையும் பவுண்டில்தான். குழந்தைக்கென அந்நாட்டரசு தரும் உதவித்தொகையை நீ கோர முடியாது. ஆங்கிலத் தேர்வும் கணினித் தேர்வும் தேறிச் சென்றபின், பத்து நிலையங்களில் செய்முறைத் தேர்வு காத்திருக்கிறது. மூன்று முயற்சிக்குத்தான் இடம். அதைத் தேறும்வரை செவிலி என்ற பெயரும் இல்லை, செவிலிக்குரிய ஊதியமும் இல்லை. விசா உன்னை அழைத்த முதலாளியோடு கட்டப்பட்டது. வேலை போனால் பொதுவாக 60 நாளைக்குள் வேறிடம் தேட வேண்டும். கணவனும் குழந்தையும் நிற்கும் தரை உன் ஒருத்தியின் வேலைதான். இடையில் விலகினால் எவ்வளவு திருப்பித் தரவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பார்கள். அந்த வரியைக் கையெழுத்துக்கு முன்பே படி. ஐந்தாண்டில் கிடைத்துவந்த நிரந்தரக் குடியிருப்பு உரிமையைப் பத்தாண்டாக்க வேண்டும் என்று 2025 மே மாத வெள்ளை அறிக்கை சொன்னதையும் மறவாதே. வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கிறவனிடம் ஒரு காசும் கொடாதே. செவிலியரிடம் தரகுப் பணம் பெறக்கூடாதென்று அந்நாட்டு ஆள்சேர்ப்பு நெறியே கூறுகிறது.

உலகத்தில் 58 இலட்சம் செவிலியர் பற்றாக்குறை என்று 2025இல் உலக சுகாதார நிறுவனம் கணக்குக் கொடுத்தது. ஆகவே அழைப்பு நிற்காது. அணை கட்டவேண்டியது விமான நிலையத்தில் அல்ல, மருத்துவமனைச் சம்பளப் பட்டியலில். 2016 சனவரியில் உச்சநீதிமன்றம் இட்ட ஆணையின்படி அமைந்த குழு தெளிவாகவே சொல்லிற்று: 200 படுக்கைக்கு மேற்பட்ட தனியார் மருத்துவமனை, அரசுச் செவிலிக்கு இணையாக ஊதியம் தரவேண்டும், 50 படுக்கைக்குக் குறைந்ததாயினும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது. நாளைக் காலை உங்கள் ஊர் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். படுக்கைகளை எண்ணுங்கள். பிறகு, இரவுப் பணி முடித்து வெளியே வரும் அந்தப் பெண்ணிடம், சம்பளம் எவ்வளவு அம்மா என்று கேளுங்கள்.