பழைய லிங்க்கும் திறக்க வேண்டும்: சிங்கப்பெருமாள் கோவில் வட்டாரப் பொதுமக்களின் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: செங்கல்பட்டு மாவட்ட நிர்வாகம், தமிழ்நாடு மின் ஆளுமை முகமை, தேசிய தகவலியல் மையம், உள்ளாட்சி அமைப்புகள்.

எங்கள் ஊர் ஓர் அங்குலமும் நகரவில்லை. 1997 ஜூலையில் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைப் பிரித்தபோது காஞ்சிபுரம் மாவட்டத்துக்குப் போனோம். 2019 நவம்பர் 29 அன்று மறுபடி செங்கல்பட்டு மாவட்டமானோம். ஜி.எஸ்.டி. ரோட்டின் தேசிய நெடுஞ்சாலை எண்கூட 45 போய் 32 ஆகிவிட்டது. ஆனாலும் பழைய எண்ணைச் சொல்லி வழி கேட்பவரை யாரும் "அப்படி ஒரு ரோடே இல்லை" என்று திருப்பி அனுப்புவதில்லை.

அரசு இணையதளங்கள் அனுப்புகின்றன. பழைய மாவட்டத் தளங்கள் பல 'டிஎன் டாட் நிக் டாட் இன்' என்று முடியும் முகவரிகளில் இருந்தன. பிறகு தேசிய தகவலியல் மையத்தின் எஸ்3வாஸ் என்ற பொது அமைப்புக்கு மாறின. மாற்றம் தேவைதான். பாதுகாப்பு கூடியது, பார்வையற்றோரும் படிக்க வசதி வந்தது. எங்கள் சண்டை புதிய தளத்தோடு அல்ல, மாறும்போது பழைய முகவரிகளை அம்போவென்று விட்டுவிடும் பழக்கத்தோடு.

அந்த முகவரிகள் கணினிக்குள் மட்டும் இருப்பவை அல்ல. பத்திர எழுத்தரின் நோட்டில், டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறவரின் குறிப்பில், நீதிமன்ற மனுவின் இணைப்பில், இ-சேவை மையச் சுவரில் ஒட்டிய தாளில் இருக்கின்றன. தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டால் "மேற்படி விவரம் இணையதளத்தில் உள்ளது" என்று ஒரு முகவரியோடு பதில் வருவதுண்டு. அந்த முகவரி செத்துவிட்டால் பதிலும் செத்துவிடுகிறது. மனுதாரர் மறுபடி பத்து ரூபாய் கட்ட வேண்டும். அச்சட்டத்தின் 4ஆம் பிரிவு ஆவணங்களை அட்டவணைப்படுத்திப் பேணவும், கேட்காமலே வெளியிடவும் சொல்கிறது. வெளியிட்டதைக் கண்டுபிடிக்க முடியாமல் செய்வது அந்தப் பிரிவை நிறைவேற்றியதாகாது.

எனவே கோருகிறோம்:

1. ஒவ்வொரு பழைய பக்கத்தையும் அதற்கு நேரான புதிய பக்கத்துக்கே திருப்ப வேண்டும். சர்வர் மொழியில் இதற்கு 301 என்று பெயர்: 'இப்பக்கம் நிரந்தரமாக இடம் மாறியது, இதோ புதிய இடம்.' தேவைப்படுவது இரண்டு பத்தி கொண்ட ஓர் அட்டவணை, இடப்பக்கம் பழைய முகவரி, வலப்பக்கம் புதியது. எல்லாப் பழைய முகவரிகளையும் மொத்தமாக முகப்புப் பக்கத்தில் கொண்டுபோய்க் கொட்டும் குறுக்குவழியை நாங்கள் ஏற்கவில்லை. 2016ஆம் ஆண்டு ஏல அறிவிப்பைத் தேடி வந்தவருக்கு ஓடுகிற சிவப்பு எழுத்தும் திறப்பு விழாப் படமும் எதற்கு? கூகுள்கூட அப்படித் திருப்பியதைக் காணாமல் போன பக்கமாகத்தான் கணக்கில் வைக்கிறது.

2. பழைய சர்வரை அணைக்கும் முன் அதிலுள்ள எல்லா முகவரிகளின் பட்டியலையும் பொதுவில் வெளியிட வேண்டும். தள வரைபடத்திலிருந்து மட்டும் எடுத்தால் போதாது. உண்மையில் மக்கள் எதைத் திறந்தார்கள் என்பது சர்வர் பதிவேட்டில்தான் இருக்கும். மாறிய பிறகு '404', அதாவது 'பக்கம் இல்லை', என்று திரும்பிய முகவரிகளை வாராவாரம் பார்த்துச் சரிசெய்ய ஓர் அலுவலரைப் பொறுப்பாக்க வேண்டும்.

3. தமிழ் முகவரிகளைத் தனியாகச் சோதிக்க வேண்டும். இங்குதான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். 'சிங்கப்பெருமாள்' என்ற பெயர் யுனிகோடில் 15 குறிகள். முகவரியில் ஒவ்வொரு குறியும் ஒன்பது எழுத்தாக விரிந்து மொத்தம் 135 ஆகிறது. வேர்ட்பிரஸ் போன்ற மென்பொருள் ஒரு பக்கத்தின் முகவரிப் பெயருக்கு 200 எழுத்து இடமே தருகிறது. சற்று நீளமான தமிழ்த் தலைப்பு நடுவில் அறுபடும். 'கோவில்' இன்னும் வேடிக்கை. அதிலுள்ள ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு முகவரி. இரண்டும் ஒரே பக்கத்தைத் திறக்க வேண்டும்.

4. காகிதத்தில் அச்சான கியூஆர் குறியீட்டைத் திருத்த முடியாது. சாதிச் சான்றும் பட்டா நகலும் வீட்டுப் பெட்டியில் பல பத்தாண்டுகள் இருப்பவை. அவற்றைச் சரிபார்க்கும் முகவரி அத்தனை காலமும் வேலை செய்ய வேண்டும். அரசு பயன்படுத்திய எந்த டொமைனையும், குறிப்பாக டாட் நெட், டாட் ஓஆர்ஜி என முடிபவற்றை, காலாவதியாக விடக்கூடாது. கைவிட்ட டொமைனை யார் வேண்டுமானாலும் வாங்கி, அரசுப் பக்கம்போலவே ஒன்றை வைத்து ஆதார் எண் கேட்க முடியும்.

5. எல்லை மாறினால் ஆவணம் அநாதையாகக் கூடாது. 2019க்கு முன் எங்கள் பகுதிக்காகக் காஞ்சிபுரம் மாவட்டம் வெளியிட்டவை செங்கல்பட்டுத் தளத்திலும் கிடைக்க வேண்டும். 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் அதில் கரைந்தன. பம்மலின், சிட்லபாக்கத்தின் பழைய தீர்மானங்களும் வரவு செலவும் அந்தந்த ஊர்ப் பெயரிலேயே தேடக் கிடைக்க வேண்டும். அடுத்து எந்த ஊராட்சியை எதனோடு இணைத்தாலும் இதே விதி.

6. வேண்டுமென்றே நீக்கினால் அதைச் சொல்ல வேண்டும்: யார் நீக்கினார், எந்தத் தேதியில், ஏன், நகல் எந்த அலுவலகத்தில். இதற்கென்றே 410 என்ற குறி இருக்கிறது.

7. புதிய முகவரி, அடுத்த மாற்றத்தையும் தாங்குவதாக இருக்க வேண்டும். மென்பொருளின் பெயரோ அதன் வால் எழுத்துகளோ அதில் வேண்டாம்; வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998லேயே இதைச் சொல்லிவிட்டார். இன்று ஒரு பி.டி.எஃப். முகவரியில் நீளமான புரியாத குறியீடும் ஆண்டும் மாதமும் இருக்கின்றன. ஒவ்வோர் ஆணைக்கும் அதன் எண்ணோடு நிலையான ஒரு பக்கம் கொடுத்து, கோப்பை அதற்குள் வையுங்கள்.

8. பழைய தளத்தின் முழு நகல் எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திடம் சேர வேண்டும்.

முடியாத காரியத்தைக் கேட்கவில்லை. பிரிட்டன் 2012 அக்டோபரில் தன் அரசுத் தளங்களை ஒரே தளமாக்கத் தொடங்கியபோது பழைய முகவரிகளைப் பட்டியலிட்டுப் புதிய பக்கங்களுக்குத் திருப்பியது. நேரான பக்கம் இல்லாதவற்றைத் தேசிய ஆவணக் காப்பகத்தின் பிரதிக்கு அனுப்பியது. யாரும் கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு உண்டு: 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டில் திறக்காமல் போனதாக அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்டது.

9. கடைசியாக, மேலே சொன்ன எட்டுக் கோரிக்கைகளும் நடக்க ஒரே நெம்புகோல் ஒப்பந்தம்தான். தள மாற்றத்துக்கான டெண்டரிலேயே மேற்கண்டவற்றை நிபந்தனையாக எழுதுங்கள். பட்டியலிலுள்ள பழைய முகவரிகளைப் பொதுமக்கள் முன்னிலையில் திறந்து காட்டும்வரை நிறுவனத்துக்குக் கடைசித் தவணையை விடுவிக்காதீர்கள்.