கமிஷன் தரும் வேலையா? கணக்கைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்!

வீட்டில் இருந்தபடியே நாலு காசு சம்பாதிக்க மாட்டோமா என்ற ஆசை நம்மில் யாருக்குத்தான் இல்லை? என் நாத்தனாருக்கும் இருந்தது. போன வருடம் அவள் வாட்ஸ்அப்பில் ஒரு வேலை வந்தது. "பேமென்ட் ஏஜென்ட்" என்று பெயர். படிப்பு வேண்டாம், இன்டர்வியூ கிடையாது, தினம் ஒரு மணி நேரம் போதும். கம்பெனி பணம் நம் வங்கிக் கணக்குக்கு வரும். நூற்றுக்கு ஐந்து ரூபாய் கமிஷன் எடுத்துக்கொண்டு, மீதியை அவர்கள் சொல்லும் கணக்குக்கு அனுப்பிவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை!

"அண்ணி, அவங்க என்கிட்ட ஒரு பைசா கேட்கலையே, இதுல என்ன ஏமாத்து?" என்றாள். எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. மோசடி என்றாலே நம் பணம் போவது என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறோம்!

முதலில் 48,000 வந்தது. பிறகு 60,000, அப்புறம் 36,000. சொன்னபடி அனுப்பினாள். கமிஷன் 7,200 ரூபாய் நின்றது. அடுத்த வாரம் ஏ.டி.எம்.மில் பணம் வரவில்லை. வங்கிக்கு ஓடினால், "வேறு மாநில போலீஸ் சொல்லி உங்க கணக்கை முடக்கியிருக்கோம்மா" என்றார்கள். வந்த பணம் கம்பெனிப் பணமே இல்லை. வேறொருவரை ஏமாற்றிப் பறித்த பணம். பறிகொடுத்தவர் புகார் செய்ததும், பணம் போய்ச் சேர்ந்த முதல் கணக்கு யாருடையது என்று பார்த்திருக்கிறார்கள். என் நாத்தனார் பெயர், ஆதார், பான் எல்லாம் சுத்தமாக இருந்தது. வேலை கொடுத்தவனுக்குப் பெயரும் இல்லை, ஊரும் இல்லை. அவனுடைய நம்பர் அன்றைக்கே அணைந்துவிட்டது.

திருடனுக்குத் தேவைப்பட்டது நம் பணம் அல்ல, நம் நல்ல பெயர். தன் கணக்கில் வாங்கினால் மாட்டிக்கொள்வான். அதனால்தான் ஒரு வம்பு தும்புக்கும் போகாத குடும்பப் பெண்களின் கணக்காகப் பார்த்துத் தேடுகிறான். கொஞ்சம் யோசித்தால் போதும்: உண்மையான கம்பெனிக்குச் சொந்தக் கணக்கு இருக்காதா? முகம் தெரியாத நம் கணக்கு வழியாக ஏன் லட்சங்களை அனுப்ப வேண்டும்? சம்பளம் நமக்கு வரலாம். அடுத்தவர் பணம் நம் வழியாகப் போகக் கூடாது.

இதிலேயே இன்னொரு வகையும் உண்டு. "உங்க பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு, சிம் கார்டு மூணையும் குடுங்க, மாசா மாசம் வாடகை தர்றோம்" என்பார்கள். வீட்டை வாடகைக்கு விடலாம், கணக்கை விடலாமா? 2002-ஆம் வருட பணமோசடித் தடுப்புச் சட்டத்தில் குற்றம் நிரூபணமானால் குறைந்தது 3 வருடம் ஜெயில்.

இப்படி மாட்டிக்கொண்ட பெண்ணை "பேராசைக்காரி" என்று வீட்டில் திட்டுகிறார்களே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. என் வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார். திட்டுக்குப் பயந்துதான் பலர் வெளியே சொல்வதில்லை. மூடி மறைத்தால் நாமும் கூட்டாளிதான் என்று ஆகிவிடும். சந்தேகம் வந்த அந்த நிமிடமே வந்த பணத்தைத் தொடாமல் வங்கியில் எழுத்தில் கொடுங்கள். 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். வேலை பற்றி வந்த மெசேஜ் எதையும் அழித்துவிடாதீர்கள், நம் பக்கத்துக்கு அதுதான் சாட்சி. "தவறிப்போய் உங்களுக்கு அனுப்பிட்டேன், இந்த நம்பருக்குத் திருப்பி அனுப்புங்க" என்றாலும் நீங்களாக அனுப்ப வேண்டாம், வங்கி பார்த்துக்கொள்ளும்.

வங்கிகளையும் ஒன்று கேட்க வேண்டும். கணக்கு ஆரம்பிக்கும்போது பத்து இடத்தில் கையெழுத்து வாங்குகிறீர்கள். பாஸ்புக் பதிக்கும் மெஷின் பக்கத்தில் இதைப் பெரிய தமிழ் எழுத்தில் எழுதி ஒட்டினால் என்ன? எங்கள் சுய உதவிக் குழுக் கூட்டத்தில் நான் இதைச் சொன்னபோது, "எனக்கும் இப்படி வந்துச்சுக்கா" என்று இரண்டு பேர் கை தூக்கினார்கள்.

நாத்தனாரின் கணக்கில் மகள் பள்ளிக் கட்டணத்துக்குச் சேர்த்த 22,000 ரூபாயும் சேர்ந்து முடங்கிப்போனது. வளையலை அடகு வைத்துத்தான் கட்டினாள். கணக்கு இன்னும் திறக்கவில்லை.

- ஓர் இல்லத்தரசி, கரூர்.