நம்மவர் அமர்ந்தால் போதுமா? துணை ஜனாதிபதி நாற்காலியும் நம் உரிமையும்



2025 செப்டம்பர் 9 அன்று துணை ஜனாதிபதி தேர்தல் முடிவு வெளியானது. மறுநாள் காலை ராயகிரி தேநீர்க் கடையில் அதே பேச்சு. "நம்ம தமிழ்நாட்டு ஆளுல்லா ஜெயிச்சிருக்காரு, சந்தோசப்பட வேண்டாமா?" என்றார் ஒருவர். "ஹமீது அன்சாரி பத்து வருசம் அந்தச் சீட்டுலதான் இருந்தாரு, உங்களுக்கு என்ன கிடைச்சுது பாய்?" என்று நம் சகோதரரைச் சீண்டினார் இன்னொருவர். மூன்றாமவரோ, "அது சும்மா ரிப்பன் வெட்டுற வேலை அண்ணாச்சி, விடுங்க" என்று முடித்து வைத்தார்.

இந்த மூன்று பேச்சுமே தவறு. அந்தத் தவறுதான் நம்மை ஏமாற வைக்கிறது. எப்படி என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ரிப்பன் வெட்டும் வேலையா?

நம் பேரூராட்சியில் துணைத் தலைவர் எப்போது முக்கியமாகிறார்? தலைவர் வராத நாளில் கூட்டத்தை நடத்துவார். டெல்லியில் அப்படியல்ல. அரசியல் சட்டத்தின் 64வது பிரிவுப்படி துணை ஜனாதிபதிதான் ராஜ்யசபாவின் தலைவர். ஜனாதிபதி பதவி காலியானால், புதியவர் தேர்ந்தெடுக்கப்படும்வரை அவர் வேலையைப் பார்ப்பார் என்கிறது 65வது பிரிவு. அது எப்போதோ வரும் சந்தர்ப்பம். 1969இல் ஜாகிர் ஹுசைன் மறைந்தபோது வி.வி. கிரி, 1977இல் பக்ருதீன் அலி அகமது மறைந்தபோது பி.டி. ஜாட்டி பொறுப்பேற்றார்களே, அதுபோல. அமெரிக்காவில் ஜனாதிபதி மறைந்தால் மீதமுள்ள காலம் முழுவதும் துணை ஜனாதிபதிதான் ஜனாதிபதி. இங்கே அப்படியில்லை. ஆறு மாதத்திற்குள் தேர்தல் நடத்தியாக வேண்டும்.

ஆக, அன்றாட வேலை ராஜ்யசபாவை நடத்துவதுதான். அவருக்குச் சம்பளம் கொடுப்பதும் அந்த வேலைக்காகத்தான். துணை ஜனாதிபதி என்ற பெயருக்குத் தனிச் சம்பளம் கிடையாது!

அந்த நாற்காலிக்கு என்ன அதிகாரம்? யாரைப் பேச விடுவது, எந்த நோட்டீசை ஏற்பது, எந்தப் பேச்சைக் குறிப்பிலிருந்து நீக்குவது, கட்சி தாவிய உறுப்பினரின் பதவியைப் பறிப்பதா என்பதையெல்லாம் அவரே முடிவு செய்கிறார். 50 ராஜ்யசபா உறுப்பினர்கள் கையெழுத்திட்டு ஒரு நீதிபதியை நீக்கக் கோரினால், அதை ஏற்பதா தள்ளுவதா என்பதும் அவர் கையில்தான். இதுவா ரிப்பன் வெட்டும் வேலை?

உங்கள் தெருவில் குழாயில் தண்ணீர் வரவில்லை. வார்டு உறுப்பினர் கூட்டத்தில் எழுகிறார். தலைமை தாங்குபவர் "உட்கார்" என்கிறார். அவர் வாயை அடைத்தால் உங்கள் தெருவின் வாயை அடைத்ததாகத்தான் அர்த்தம். ராஜ்யசபாவில் நடப்பதும் இதுதான். ஒரே வித்தியாசம், அங்கே அடைபடுவது ஒரு மாநிலத்தின் வாய். ஒரு சமுதாயத்தின் வாய்!

எண்ணினால் என்ன குறைந்துவிடும்?

2020 செப்டம்பர் 20. விவசாய மசோதாக்கள் ராஜ்யசபாவுக்கு வந்தன. நாற்காலியில் இருந்தவர் துணைத் தலைவர் ஹரிவன்ஷ். "வாக்கெடுப்பு நடத்துங்கள், எண்ணுங்கள்" என்று எதிர்க்கட்சியினர் கேட்டார்கள். எண்ணப்படவில்லை. குரல் வாக்கில் நிறைவேறியதாக அறிவித்தார்கள். மறுநாள் 8 உறுப்பினர்கள் சஸ்பெண்ட்! எண்ணாமல் நிறைவேற்றிய அந்தச் சட்டங்களின் கதி என்ன? டெல்லி எல்லையில் விவசாயிகள் ஓராண்டு உட்கார்ந்தார்கள். 2021 நவம்பரில் அரசே அவற்றைத் திரும்பப் பெற்றது. சபைக்குள் கேட்க மறுத்ததை நெடுஞ்சாலையில் கேட்க வேண்டியதாயிற்று.

2023 டிசம்பரில் இரு சபைகளிலும் சேர்த்து 146 எதிர்க்கட்சி உறுப்பினர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அதில் 46 பேர் ராஜ்யசபாவைச் சேர்ந்தவர்கள். பாராளுமன்றப் பாதுகாப்பு மீறப்பட்டது பற்றி உள்துறை அமைச்சர் பதில் சொல்ல வேண்டும் என்று கேட்டதுதான் அவர்கள் செய்த குற்றம். அந்தக் காலி இருக்கைகளுக்கு முன்னால்தான் மூன்று குற்றவியல் சட்டங்கள் நிறைவேறின. நாளை நம் பிள்ளையைப் போலீஸ் பிடித்தால் எந்தச் சட்டப்படி நடத்தும்? அந்தச் சட்டப்படிதான்!

இப்போது வக்ஃபுக்கு வாருங்கள். 2025 பிப்ரவரி 13 அன்று கூட்டுக்குழு அறிக்கை ராஜ்யசபாவில் வைக்கப்பட்டது. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் எழுதிக் கொடுத்த மாற்றுக் கருத்துகளில் சில பகுதிகள் அதில் இல்லை. சபை அமளியான பிறகே அவை சேர்க்கப்பட்டன. ஏப்ரல் 4 அதிகாலையில் மசோதாவுக்கு ஆதரவாக 128, எதிராக 95 என்று வாக்குகள் பதிவாயின. தோற்றோம். ஆனால் எண்ணித் தோற்றோம். நமக்காக நின்ற 95 பேர் யார், எதிராக நின்ற 128 பேர் யார் என்பது ஏட்டில் இருக்கிறது. நாளை ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் நாம் கேள்வி கேட்க முடியும். குரல் வாக்கில் அந்த வாய்ப்பும் பறிபோகிறது. நாற்காலி நேர்மையாக இருக்க வேண்டும் என்று நாம் கேட்பது இதற்காகத்தான்.

ஒரு நீதிபதி, இரண்டு அளவுகோல்

2024 டிசம்பர் 8 அன்று அலகாபாத் உயர்நீதிமன்ற நீதிபதி சேகர் குமார் யாதவ், விசுவ இந்து பரிஷத் நடத்திய நிகழ்ச்சியில் பேசினார். பெரும்பான்மையினரின் விருப்பப்படியே இந்த நாடு நடக்கும் என்பது அவர் பேச்சின் சாரம். நீதிமன்றத்தின் வாசலில் நிற்கும் ஒரு சிறுபான்மைக் குடிமகன் இதைக் கேட்டால் உள்ளே நுழைவானா? டிசம்பர் 13 அன்று 55 ராஜ்யசபா உறுப்பினர்கள் அவரை நீக்கக் கோரி நோட்டீஸ் கொடுத்தார்கள். சட்டம் கேட்பது 50 பேர்தான்.

அப்போது நாற்காலியில் இருந்தவர் ஜெகதீப் தன்கர். இந்த விஷயத்தில் அதிகாரம் ராஜ்யசபா தலைவருக்கே உரியது என்று 2025 பிப்ரவரியில் சபையிலேயே அறிவித்தார். சரி, அதிகாரம் அவருடையதுதான். அந்த அதிகாரத்தை வைத்து என்ன செய்தார்? ஏழு மாதமாகியும் விசாரணைக் குழு அமைக்கவில்லை. கையெழுத்துச் சரிபார்ப்பு என்று காலம் ஓடியது. வீட்டில் எரிந்த பணக்கட்டுகள் தொடர்பான புகாரில் சிக்கிய நீதிபதி யஷ்வந்த் வர்மா மீதான நோட்டீஸ் 2025 ஜூலை 21 அன்று வந்தது. அன்றே சபையில் அதை எடுத்துக்கொண்டார். ஊழல் புகாரில் வேகம் நல்லதுதான், வரவேற்கிறோம். வெறுப்புப் பேச்சுப் புகாரில் மட்டும் ஏன் நடை தளர்ந்தது?

வேடிக்கை என்னவென்றால், அதே ஜூலை 21 இரவு தன்கரும் பதவி விலகினார். கடிதத்தில் உடல்நலம் என்று எழுதினார். ஆளுங்கட்சியோடு ஏற்பட்ட பிணக்கே காரணம் என்று எதிர்க்கட்சிகள் கூறின. எது உண்மையோ, நாட்டின் இரண்டாவது பெரிய பதவி ஒரே இரவில் காலியானது.

அவரை நீக்கக் கோரி 2024 டிசம்பரில் எதிர்க்கட்சிகள் நோட்டீஸ் கொடுத்தன. ஒரு துணை ஜனாதிபதி மீது அப்படி ஒரு நோட்டீஸ் வந்தது அதுவே முதல் முறை. அதையும் துணைத் தலைவர் தள்ளுபடி செய்தார். நாற்காலி மீதான புகாரை அடுத்த நாற்காலி தள்ளுகிறது!

நம்மவர் என்ற மயக்கம்

தேநீர்க் கடைக்குத் திரும்புவோம். ஜாகிர் ஹுசைன், ஹிதாயத்துல்லா, ஹமீது அன்சாரி என்று மூன்று பேரைச் சொல்லி நம்மைத் திருப்திப்படுத்தியே பல ஆண்டுகள் ஓட்டிவிட்டார்கள். இப்போது "தமிழர்" என்று சொல்லி அதே மருந்தைத் தமிழ்நாட்டுக்கும் கொடுக்கப் பார்க்கிறார்கள்.

நாற்காலியில் அமர்ந்தவரின் பெயரைப் பார்க்காதீர்கள். நடந்துகொண்ட விதத்தைப் பாருங்கள்.

1992 டிசம்பர் 6 அன்று பாபர் மஸ்ஜித் இடிக்கப்பட்டபோது துணை ஜனாதிபதி கே.ஆர். நாராயணன். காந்தி கொலைக்குப் பிறகு நாடு கண்ட மிகப்பெரிய சோகம் என்று அதைச் சொன்னவர் அவர். நம் சமுதாயத்தவரா? இல்லை. சங்கர் தயாள் சர்மா காங்கிரஸ்காரர்தான். ஆனால் ஆந்திர ஆளுநர் குறித்த விவாதத்தை அனுமதித்து, சொந்தக் கட்சியே கொந்தளித்தபோது, பதவி விலகவும் தயார் என்று உறுதியாக நின்றார்.

ஹமீது அன்சாரியை ஏன் மதிக்கிறோம்? அமளிக்கு நடுவே மசோதாவை நிறைவேற்ற அனுமதிக்க மாட்டேன் என்று விதி வைத்திருந்தார். மன்மோகன் சிங் ஆட்சியிலும் அதே விதி, மோடி ஆட்சியிலும் அதே விதி. ஏன் அமளியில் நிறைவேற்றவில்லை என்று பிரதமரே தம் அறைக்கு வந்து கேட்டதை, 2021இல் வெளியான தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அவரிடமும் குறை உண்டு. 2011 டிசம்பர் 29 நள்ளிரவில் லோக்பால் மசோதா வாக்கெடுப்புக்கு வராமலே சபையை ஒத்திவைத்தார். அரசைக் காப்பாற்றினார் என்று அன்றைய எதிர்க்கட்சியான பாஜக குற்றம் சாட்டியது. அந்தக் கேள்வி நியாயமானதுதான். நம்மவர் என்பதற்காக அதை மறைத்தால், தன்கரைக் கேட்கும் யோக்கியதை நமக்கு ஏது?

நாம் என்ன செய்யலாம்?

"ராயகிரியில் உட்கார்ந்து டெல்லியை என்ன செய்ய முடியும்?" என்று கேட்காதீர்கள். துணை ஜனாதிபதியைத் தேர்ந்தெடுப்பவர்கள் பாராளுமன்றத்தின் இரு சபை உறுப்பினர்கள் மட்டுமே. எம்.எல்.ஏ.க்களுக்கு அதில் ஓட்டு இல்லை. 2025 தேர்தலில் சி.பி. ராதாகிருஷ்ணனுக்கு 452, சுதர்சன் ரெட்டிக்கு 300. செல்லாத ஓட்டு 15! பாராளுமன்ற உறுப்பினர்களே 15 பேர் செல்லாத ஓட்டுப் போட்டிருக்கிறார்கள் என்றால் யார் கேட்பது? தமிழ்நாட்டின் 39 லோக்சபா உறுப்பினர்களும் 18 ராஜ்யசபா உறுப்பினர்களும் நம் ஓட்டால் நேரடியாகவோ, நாம் தேர்ந்தெடுத்த எம்.எல்.ஏ.க்கள் வழியாகவோ சென்றவர்கள். தென்காசித் தொகுதி உறுப்பினர் நம் ஊருக்கு வரும்போது சாலையும் குடிநீரும் கேளுங்கள். கூடவே இதையும் கேளுங்கள்: சபையில் பேச விடாதபோது என்ன செய்தீர்கள்? எண்ணச் சொல்லிக் கேட்டீர்களா?

சி.பி. ராதாகிருஷ்ணன் அவர்களை அவர் வந்த இயக்கத்தை வைத்து முன்கூட்டியே தீர்ப்பளிக்க நாம் விரும்பவில்லை. தமிழர் என்பதற்காகத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் மாட்டோம். அமளியில் மசோதா நிறைவேறுகிறதா? எண்ணச் சொன்னால் எண்ணுகிறாரா? ஆளுங்கட்சிக்குப் பிடிக்காத நோட்டீசையும் அதே வேகத்தில் எடுக்கிறாரா? இந்த மூன்றும்தான் நம் அளவுகோல்.

இதில் அவர் தேறினால் முதலில் பாராட்டுபவர்கள் நாமாக இருப்போம். தவறினால் முதலில் கேட்பவர்களும் நாமாகத்தான் இருப்போம்.

சிந்தியுங்கள் சகோதரர்களே! அந்த நாற்காலியில் நம்மவர் உட்கார வேண்டும் என்பதல்ல, நம் குரலை எழுந்து நிற்க விடுபவர் உட்கார வேண்டும் என்பதே நம் கோரிக்கை.