இல்லப் பணி: ஓட மறுக்கும் இழுப்பறை

சென்ற இதழில் கசியும் குழாய்க்கு வாசர் மாற்றும் முறையை எழுதியிருந்தேன். அதனைப் படித்த அன்பர்கள் சிலர், "குழாய் அடங்கிவிட்டது, சமையலறை இழுப்பறைதான் அடங்கவில்லை" என்று கூறி, அதற்கும் ஒரு வழி சொல்லுமாறு கேட்டனர். தில்லியின் பழைய குடியிருப்புகளில் வாழும் நம்மவர் பலருக்கும் பொதுவான குறை இது. ஆதலின் இத்திங்கள் இதனையே எடுத்துக்கொள்வோம்.

இவ்வீடுகள் பலவற்றில் சமையலறைச் சுவரோரம் கனமான மர அலமாரி ஒன்று நிற்கும். அதன் இழுப்பறைகளுக்கு இக்காலத்து எஃகுத் தடங்கள் கிடையா. அலமாரியின் உட்புறம் இரு பக்கமும் பொருத்திய மரச்சட்டங்களின் மீதே அவை ஊர்ந்து வரும். அச்சட்டங்களைத் தாங்குசட்டம் என இங்கே குறிப்போம். நாளொன்றுக்கு 20 முறை இழுத்து மூடினாலும், ஓராண்டில் 7,300 முறை மரத்தோடு மரம் உராய்கிறது. ஆண்டுகள் பல கடந்தபின் சட்டத்தில் பள்ளம் விழுவதில் வியப்பென்ன? பள்ளம் விழுந்ததும் இழுப்பறையின் முகப்புத் தாழ்ந்து, கீழுள்ள குறுக்குக் கட்டையில் இடிக்கிறது. நாம் பலங்கொண்டு இழுக்கிறோம். ஒரு பக்கம் முந்த, மறுபக்கம் பிந்த, அது கோணலாகச் சிக்கிக்கொள்கிறது.

இதனைச் சிறு தொல்லையென்று தள்ளிவிடலாகாது. எங்கள் குடியிருப்பில் ஓர் இல்லத்திற்கு ஊரிலிருந்து வந்திருந்த மூதாட்டியார், கரண்டி எடுப்பதற்காகச் சற்று வேகமாய் இழுத்தார். இழுப்பறை முழுவதும் வெளியே வந்து, கத்திகளோடு அவர் காலருகே விழுந்தது. நல்லவேளையாகக் காயமில்லை. ஆயினும் அன்று முதல் அவர், "நான் தொட்டால் ஏதாவது உடைந்துவிடும்" என்று சமையலறைப் பக்கமே வராமல் ஒதுங்கிவிட்டார். பார்க்க வந்த தச்சர் அலமாரியையே மாற்ற வேண்டும் என்றார். பழைய சாமான் வாங்குபவர் அதனை விறகு விலைக்குக் கேட்டார். கழற்றிப் பார்த்தபோது, தேய்ந்திருந்தவை இரண்டு சட்டங்களே! ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் அவை மாற்றப்பட்டன. மறுநாள் காலை அம்மூதாட்டியார் தாமே இழுப்பறையைத் திறந்து கரண்டியை எடுத்தார். அந்த வீட்டில் பழுது நீங்கியது அலமாரிக்கு மட்டுமன்று.

எனவே முதலில் தேய்ந்தது எது என்பதைக் காணவேண்டும். இழுப்பறையை வெளியே எடுத்துக் கவிழ்த்து வையுங்கள். அதன் பக்கப்பலகைகளின் அடிவிளிம்பு நேராக உள்ளதா? உள்ளே தாங்குசட்டத்தில் விரலை ஓட்டினால் பள்ளம் தட்டுப்படுகிறதா? ஆணி ஏதேனும் தலை தூக்கி நிற்கிறதா? சில வேளைகளில் ஆணி ஒன்றை அடித்து இறக்கினாலே குறை தீர்ந்துவிடும்.

கடைக்குச் சென்றால், "சானல் போட்டுவிடுங்கள்" என்பார்கள். குண்டுமணிகள் உருளும் எஃகுத் தடத்தையே இங்கே சானல் என்கிறார்கள். அது நல்ல பொருள்தான். ஆனால் பக்கவாட்டில் பொருத்தும் சானலுக்கு ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 12.5 மில்லிமீட்டர், அதாவது அரை அங்குலம், இடைவெளி வேண்டும். நம் பழைய இழுப்பறைக்கும் அலமாரிக்கும் இடையே இருப்பதோ இரண்டு மூன்று மில்லிமீட்டரே. சானல் வைக்க வேண்டுமாயின் இழுப்பறையைப் பிரித்து, அகலம் குறைத்துக் கட்டவேண்டும். ஆகவே மரம் ஓடிய இடத்தில் மரமே ஓடட்டும். முன்பே சானல் உள்ள அலமாரியாயின், மூடிய நிலையில் அதன் நீளத்தை அளந்து, அதே நீளமுள்ளதை வாங்கி, இரு பக்கமும் சேர்த்தே மாற்றுக.

புதிய சட்டத்திற்கு வைரம் பாய்ந்த மரம் வேண்டும். தேக்கு இங்கே சாக்வான் எனப்படும். சீஷம் என்பது நம் ஊர் ஈட்டி மரத்தின் இனத்தைச் சேர்ந்தது. அது இன்னும் உறுதியானது. கீர்த்தி நகர் மரக்கடைகளிலோ, அருகிலுள்ள தச்சரிடமோ பழைய சட்டத்தை மாதிரியாகக் காட்டி, அதே நீளம், அகலம், கனத்தில் அறுத்து வாங்குக. தேய்ந்த இடத்தை அளக்காமல், தேயாத பின்கோடியை அளக்கவேண்டும் என்பதை மறவாதீர்.

இனி வேலைக்கு வருவோம். பழைய சட்டத்தைக் கழற்றுமுன் அதன் மேல்விளிம்பை ஒட்டி, பள்ளமில்லாத பின்கோடியின் உயரத்திலிருந்து முன்கோடி வரை பென்சிலால் நேர்கோடு இடுக. திருகாணிகளைக் கழற்றிச் சட்டத்தை எடுத்தபின், புதியதை அக்கோட்டில் வைத்து, முன்னும் பின்னும் ரசமட்டம் பார்த்து, முதலில் சிறு துளையிட்டுப் பிறகு திருகாணியை முடுக்குக. துளையிடாமல் முடுக்கினால் சட்டம் பிளக்கும். திருகாணியின் தலை மரத்துள் அமிழ்ந்திருத்தல் வேண்டும். இரு சட்டங்களும் முன்கோடியில் எவ்வளவு விலகியுள்ளனவோ, பின்கோடியிலும் அவ்வளவே விலகியிருக்கவேண்டும். அகல ரயில் பாதையில் இரு தண்டவாளங்களுக்கு இடையே 1,676 மில்லிமீட்டர் என்று விதித்திருப்பதும் இந்த நியதி பற்றியே. இடைவெளி மாறினால் வண்டியும் ஓடாது, இழுப்பறையும் ஓடாது.

இழுப்பறையின் அடிவிளிம்பும் தேய்ந்திருந்தால், இழைப்புளியால் அதனை நேராக்கிக் குறைந்த அளவிற்கு மெல்லிய மரப்பட்டை ஒன்றை மரப்பசையால் ஒட்டி, ஓரிரவு காயவிடுக. பின்னர் உப்புத்தாளால் தேய்த்து, உராயும் இடங்களில் மெழுகுவர்த்தியைத் தடவுக. எண்ணெய் தடவவேண்டா, அது தூசியைச் சேர்த்துப் பிசுக்காக்கும். இறுதியாக, இழுப்பறை முழுவதும் வெளியே வந்துவிடாதபடி, அதன் பின்பலகை வந்து தட்டும் இடத்தில் சிறு தடைக்கட்டை ஒன்றைத் திருகாணியால் பொருத்துக. முதியோரும் குழந்தைகளும் உள்ள வீட்டில் இது இன்றியமையாதது.

ஒரு எச்சரிக்கை. ஆடி, ஆவணி மாதங்களில் காற்றின் ஈரத்தை உறிஞ்சி மரம் பருக்கும். வைகாசியின் வெப்பக் காற்றில் சுருங்கும். மழைக்காலத்தில் இறுகுகிறதே என்று இழைத்துத் தள்ளினால், கோடையில் இழுப்பறை ஆடும். ஐப்பசி வரை பொறுத்து, அப்பொழுதும் இறுகினால் மட்டும் இழைக்கலாம்.

அரசுக் குடியிருப்பில் சுவரோடு பொருந்திய அலமாரி நமக்குச் சொந்தமன்று. முதலில் பராமரிப்பு அலுவலகத்தில் எழுதிக் கொடுப்பதே முறை. மாற்றல் உத்தரவு வந்தால் நாம் பெட்டி கட்டிப் புறப்படுவோம். அதன்பின் அந்த இழுப்பறையை இழுப்பது பெயரறியாத வேறொரு குடும்பத்தின் கை. அந்தக் கைக்கும் அது இலேசாக ஓடட்டும்.

அடுத்த திங்கள், கதவு தாழ்ந்து தரையில் உரசும்போது கீலைச் சீர்செய்யும் முறையைக் காண்போம்.